போட்டதை எடுக்கத் தெரியுமா?

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம், வீரவநல்லூர் பக்கமிருந்து கணினி படிக்கப் போகும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு திறந்த மடல்



கடைசி வருட புராஜெக்ட் ஒப்படைக்கும் நாள் நெருங்கினால் உங்களிடமிருந்து எனக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "அண்ணே, நேத்து வரை ஓடுச்சு, இன்னைக்கு ஓட மாட்டேங்கு." "என் லேப்டாப்ல ஓடுது, காலேஜ் லேப்ல எரர் அடிக்கு." "டிஸ்க் ஃபுல்லுன்னு வருது, எதை அழிக்கட்டும்?" தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்ததில் எல்லாக் கேள்விக்கும் வேர் ஒன்றுதான் என்று பிடிபட்டது. டெர்மினலில் ஒரு வரி தட்டி எதை வேண்டுமானாலும் உள்ளே இறக்க உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இறக்கியது யாருடையது, எங்கே போய் உட்கார்ந்தது, வேண்டாமென்றால் எப்படி வெளியே எடுப்பது என்பது தெரியவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. அல்காரிதத்துக்குப் பாடம் உண்டு, டேட்டா ஸ்ட்ரக்சருக்குப் பாடம் உண்டு. இதை உட்கார்ந்து சொல்லித் தர யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

அதனால்தான் எல்லோருக்குமாக இந்த மடல். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. போட்ட பேக்கேஜை மிச்சமில்லாமல் எடுக்கவும், எடுத்ததை அப்படியே மறுபடி போடவும் தெரிந்தவருக்குத்தான் இன்ஸ்டால் செய்யத் தெரியும். மற்றவர்களுக்கு இன்றுவரை அதிர்ஷ்டம் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு சிறு குறிப்பு: கட்டளைகளை நாம் பேசுகிறபடியே தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், எழுத்து பிசகாமல் தட்டுங்கள். அது ஏன் முக்கியம் என்பது கொஞ்ச நேரத்தில் விளங்கும்.

அந்த ஒரு வரி செய்யும் வேலை

நம் ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்குவோம். 'அம்பாசமுத்திரம்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று பைத்தானின் லென் என்ற ஃபங்ஷனிடம் கேட்டால் 15 என்று சொல்லும். நீங்கள் விரல்விட்டு எண்ணினால் அ, ம், பா, ச, மு, த், தி, ர, ம் என்று 9தான் வரும். யூனிகோடில் 'ம்' என்பது மகரமும் புள்ளியுமாக இரண்டு குறியீடு, 'பா' என்பது பகரமும் காலுமாக இரண்டு குறியீடு. பைத்தான் குறியீட்டை எண்ணுகிறது, நாம் எழுத்தை எண்ணுகிறோம்.

இந்த இடைவெளியை நிரப்ப முத்தையா அண்ணாமலை தொடங்கி, பலர் கைகொடுத்து வளர்த்த லைப்ரரிதான் ஓப்பன்-தமிழ். எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கியவரும் அவர்தான். "பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்" என்று தட்டுங்கள். அதிலுள்ள கெட்-லெட்டர்ஸ் என்ற ஃபங்ஷனிடம் ஊர்ப்பெயரைக் கொடுத்தால் ஒன்பது எழுத்தாகப் பிரித்துக் கையில் தரும்.

நீங்கள் என்டர் தட்டிய பிறகு நடப்பதைப் பாருங்கள். பிப் என்ற கருவி பைபிஐ என்ற பொதுக் கிடங்கைக் கேட்கிறது. அங்கே அந்தப் பேக்கேஜின் எந்தெந்த வெர்ஷன் இருக்கிறது என்று பட்டியல் வாங்குகிறது. உங்கள் பைத்தானுக்குப் பொருந்துவதில் புதியதை எடுக்கிறது. அந்தப் பேக்கேஜுக்கு வேறு என்னென்ன தேவை என்று வாசித்து, அவற்றையும் இறக்குகிறது. எல்லாவற்றையும் சைட்-பேக்கேஜஸ் என்ற ஃபோல்டரில் பிரித்து வைக்கிறது. கடைசியாக, தான் வைத்த ஒவ்வொரு கோப்பின் பெயரையும் ரெக்கார்ட் என்ற கோப்பில் எழுதிவிட்டுப் போகிறது.

அந்தக் கடைசிப் படியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். "பிப் அன்இன்ஸ்டால்" என்று பின்னால் நீங்கள் கேட்கும்போது அது இந்த ரெக்கார்டைப் பார்த்துத்தான் அழிக்கிறது. பிப்புக்கு முன்பு புழக்கத்தில் இருந்த ஈஸி-இன்ஸ்டாலில் போடுவதற்குக் கட்டளை உண்டு, எடுப்பதற்குக் கட்டளையே கிடையாது. கோப்புகளைத் தேடிக் கையால்தான் அழிக்க வேண்டும். இயன் பிக்கிங் 2008இல் தொடங்கிய பிப் நிலைத்துப் போனதற்கு, போட்டதை எடுக்கவும் முடிந்தது ஒரு காரணம். 2014இல் வந்த பைத்தான் 3.4 முதல் அது பைத்தானோடு சேர்ந்தே வருகிறது.

யாருடைய நிரல் உள்ளே வருகிறது?

பைபிஐயில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட புராஜெக்ட்கள் உள்ளன. ஜாவாஸ்கிரிப்ட் உலகின் என்பிஎம் கிடங்கில் 20 லட்சத்துக்கும் மேல். யார் வேண்டுமானாலும் ஒரு கணக்கைத் திறந்து ஏற்றலாம். முன்கூட்டி ஒருவர் படித்துப் பார்த்து முத்திரை குத்துவதில்லை. அந்தத் திறந்த கதவால்தான் ஓப்பன்-தமிழ் போன்ற ஒன்று உங்கள் கைக்கு வந்தது. அதே கதவு வழியாக மற்றவர்களும் வருகிறார்கள்.

2019 டிசம்பரில் பைபிஐயிலிருந்து ஒரு பேக்கேஜைத் தூக்கினார்கள். ஜெல்லிஃபிஷ் என்று நல்லதொரு லைப்ரரி இருக்கிறது. அதன் பெயரில் முதல் 'எல்' எழுத்துக்குப் பதிலாகப் பெரிய 'ஐ' எழுத்தைப் போட்டு இன்னொன்றை ஏற்றியிருந்தார்கள். திரையில் இரண்டும் ஒரே கோடு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இறக்கியவர்களின் கணினியில் இருந்த ரகசியச் சாவிக் கோப்புகளைத் திருடுவது அதன் வேலை. பிடிபடுவதற்குள் ஏறக்குறைய ஓர் ஆண்டு அது கிடங்கில் கிடந்தது.

சில பேக்கேஜ்கள் இன்ஸ்டால் ஆகும்போதே தம்முள் இருக்கும் செட்அப் நிரலை ஓட்டும். ஆகவே "போட்டுத்தான் வச்சிருக்கேன், இன்னும் இம்போர்ட் பண்ணல" என்பது காப்பாற்றாது. என்டர் தட்டிய நொடியில், உங்கள் கணினியில் உங்களுக்கு என்னென்ன உரிமை உண்டோ அத்தனையும் அந்த நிரலுக்கும் கிடைத்துவிடுகிறது. நிர்வாகி உரிமை தரும் சூடோவைப் போட்டுத் தட்டினால் கேட்கவே வேண்டாம்.

பெயர்க் குழப்பத்துக்கு இன்னொரு காரணம், இம்போர்ட் செய்யும் பெயரும் இன்ஸ்டால் செய்யும் பெயரும் பல இடங்களில் வேறு வேறு. சிவி2 வேண்டுமென்றால் ஓப்பன்சிவி-பைத்தான் என்று போட வேண்டும். பிஎஸ்4 என்றால் பியூட்டிஃபுல்சூப்4. பிஐஎல் என்றால் பில்லோ. எஸ்கேலேர்ன் என்றால் சைகிட்-லேர்ன். ஓப்பன்-தமிழுக்கேகூட இம்போர்ட் செய்யும் பெயர் வெறும் 'தமிழ்'தான். எரரில் வரும் பெயரை அப்படியே பிப்பில் தட்டும் பழக்கம் உங்களில் நிறையப் பேருக்கு இருக்கிறது. இன்றோடு அதை விட்டுவிடுங்கள்.

இப்போது நீங்கள் நிரலைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்குகிறீர்கள். வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 மொழி மாடல்களைக் கொண்டு 5,76,000 நிரல் மாதிரிகளை எழுத வைத்துப் பார்த்தபோது, அவை சொன்ன பேக்கேஜ்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று உலகத்திலேயே இல்லாத பெயர். இல்லாத பெயரென்றால் எரர் வரும், போய்விடும் என்று நினைக்கலாம். அந்தப் பெயரில் யாராவது முந்திக்கொண்டு விஷத்தை ஏற்றி வைத்திருந்தால் எரர் வராது, சத்தமில்லாமல் இன்ஸ்டால் ஆகும். ஆகவே மாடல் சொன்ன பெயரை முதலில் பைபிஐ பக்கத்தில் தேடுங்கள். மூல நிரலுக்கான இணைப்பு இருக்கிறதா, எத்தனை வருடமாக வெளியிடுகிறார்கள், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை.

ஒன்றைக் கேட்டால் ஒன்பது வரும்

நீங்கள் கேட்ட பேக்கேஜுக்கு வேறு பேக்கேஜ் தேவைப்படும். அதற்கு இன்னொன்று. இதைத்தான் டிபெண்டன்சி என்கிறோம். இந்தச் சங்கிலி எவ்வளவு நீளமானது என்பதை 2016 மார்ச் 22 அன்று உலகம் தெரிந்துகொண்டது.

அஸர் கோச்சுலு என்ற நிரலாளர் என்பிஎம்மில் கிக் என்ற பெயரில் ஒரு பேக்கேஜ் வைத்திருந்தார். அதே பெயரில் செயலி நடத்திய நிறுவனம் பெயரைக் கேட்டது. அவர் மறுத்தார். என்பிஎம் நிர்வாகம் பெயரை நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்தது. கோபத்தில் அவர் தான் ஏற்றியிருந்த 250க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை மொத்தமாக எடுத்துவிட்டார். அவற்றில் ஒன்று லெஃப்ட்-பேட். ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்த்து வேண்டிய நீளத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. மொத்தமே 11 வரி. அந்த 11 வரியை நம்பி பேபல் என்ற கருவி இருந்தது. பேபலை நம்பிப் பெரிய பெரிய நிறுவனங்களின் நிரல்கள் இருந்தன. உலகெங்கும் பில்ட்கள் உடைந்தன. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் என்பிஎம் அதைத் திரும்ப வைத்தது. பிறகு, ஏற்றிய ஒன்றை நினைத்த நேரத்தில் எடுத்துவிட முடியாதபடி விதியையும் மாற்றியது.

லெஃப்ட்-பேடை எத்தனையோ பேர் தட்டி இன்ஸ்டால் செய்ததில்லை, அப்படியொன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் அது அவர்கள் கணினியில் இருந்தது. உங்கள் கணினியில் அப்படி எத்தனை இருக்கின்றன? "பிப் லிஸ்ட்" என்று தட்டிப் பாருங்கள். நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டவற்றை விட, கேட்காமல் வந்தவை கூடுதலாக இருக்கும். ஒன்றின் பெயரைக் கொடுத்து "பிப் ஷோ" என்றால், அதற்கு யார் தேவை, அது யாருக்குத் தேவை என்று இரண்டு வரியில் சொல்லும். "பிப் செக்" என்றால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை எவை என்று காட்டும். இந்த மூன்று கட்டளைகளும் எதையும் மாற்றாது, பயமில்லாமல் தட்டலாம்.

2025 செப்டம்பர் 8 அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என்பிஎம் உதவிப் பிரிவிலிருந்து வந்தது போன்ற போலி மின்னஞ்சலை நம்பி, பேக்கேஜ்களைப் பராமரிக்கும் ஒருவர் தம் கணக்கின் விவரத்தைக் கொடுத்துவிட்டார். அவர் கையில் சாக், டிபக் உட்பட 18 பேக்கேஜ்கள் இருந்தன. வாரத்துக்கு மொத்தம் 200 கோடி முறைக்கும் மேல் இறக்கப்படுபவை அவை. கிரிப்டோ பணத்தைத் திசைதிருப்பும் நிரல் அவற்றில் ஏற்றப்பட்டது. சில மணி நேரத்தில் கண்டுபிடித்து எடுத்தார்கள். அந்த நேரத்தில் யார் யார் "எது புதுசோ அதைப் போடு" என்று என்டர் தட்டினார்களோ அவர்கள் கணினிக்கு அது போனது. வெர்ஷனைக் குறித்துப் பூட்டி வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்குப் பழையதே வந்தது.

எங்கே போய் உட்காருகிறது?

அண்ணனோ அக்காவோ அரசுத் திட்டத்தில் வாங்கிய பழைய மடிக்கணினியில் உபுண்டு போட்டு உயிர்கொடுத்து வைத்திருக்கிறீர்கள். நல்லது. அதில் "பிப் இன்ஸ்டால்" என்று தட்டினால், வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் இது என்று ஒரு நீண்ட எரர் வரும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலும் அதே காலத்து உபுண்டுவிலும் தொடங்கி இப்படித்தான். காரணம் எளிது. லினக்ஸின் பல சொந்தக் கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை. அவற்றுக்கான லைப்ரரிகளை ஆப்ட் என்ற கருவி பார்த்துக்கொள்கிறது. நீங்கள் பிப் வழியாக அதே இடத்தில் வேறு வெர்ஷனை இறக்கினால், உங்கள் புராஜெக்ட் ஓடும். கணினியின் வேறு ஏதோ ஒன்று நின்றுபோகும்.

இணையத்தில் தேடினால் இந்த எரருக்கு "--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்" என்று சேர்க்கச் சொல்வார்கள். பெயரிலேயே கணினியை உடை என்று இருக்கிறது தம்பி. அதைக் காப்பி அடித்து ஒட்டாதே. அதற்கு மேல் சூடோவும் சேர்க்காதே.

செய்ய வேண்டியது வென்வ். 2012இல் வந்த பைத்தான் 3.3 முதல் இது பைத்தானிலேயே இருக்கிறது. டெபியன், உபுண்டுவில் மட்டும் பைத்தான்3-வென்வ் என்று ஆப்டில் தனியாகப் போட வேண்டியிருக்கும். புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நின்று "பைத்தான்3 -எம் வென்வ் .வென்வ்" என்று தட்டினால் அந்தப் புராஜெக்டுக்கு மட்டுமான ஒரு தனிச் சூழல் உண்டாகும். அதை ஆக்டிவேட் செய்துவிட்டுப் பிப் தட்டினால் எல்லாம் அந்த ஃபோல்டருக்குள்ளேயே இறங்கும். கணினியின் பைத்தானுக்குச் சங்கதியே தெரியாது. பக்கத்துப் புராஜெக்டும் பாதிக்கப்படாது. என்பிஎம் இதைத் தானாகவே செய்கிறது: நோட்-மாட்யூல்ஸ் என்ற ஃபோல்டர் ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி.

எடுப்பது எப்படி?

இனி மடலின் முக்கியமான பகுதி. "பிப் அன்இன்ஸ்டால் பாண்டாஸ்" என்று தட்டினால் பாண்டாஸ் போகும். அதோடு சேர்ந்து வந்த நம்பை, டேட்யூட்டில் போன்றவை போகாது. வேறொரு நிரலுக்கு அவை தேவைப்படலாம் என்பதால் பிப் அவற்றைத் தொடாது. ஆக, பத்துப் பேக்கேஜ் போட்டுப் பத்தையும் எடுத்த பிறகும் கணினியில் முப்பது மிச்சமிருக்கலாம். பொதுவான இடத்தில் போட்டிருந்தால் எது யாருடையது என்று பிரிப்பதற்குள் விடிந்துவிடும். வென்வ்வில் போட்டிருந்தால் அந்த ஒரு ஃபோல்டரை அழித்தால் போதும். எல்லாம் போய்விடும், வேறெதுவும் போகாது. வென்வ் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான். 2024இல் வந்த யூவி போன்ற புதிய கருவிகள் ஒன்றை எடுக்கும்போது அதன் துணைகளையும் கணக்குப் பார்த்து எடுக்கின்றன. பழகலாம், ஆனால் முதலில் பிப்பும் வென்வும் கைக்கு வரட்டும்.

ஆப்டில் எடுப்பதற்கு மூன்று சொல் உண்டு. ரிமூவ் என்றால் மென்பொருள் போகும், அதன் அமைப்புக் கோப்புகள் தங்கும். பர்ஜ் என்றால் அவையும் போகும். ஆட்டோரிமூவ் என்றால், வேறொன்றுக்குத் துணையாக வந்து இப்போது யாருக்கும் தேவைப்படாமல் கிடப்பவை போகும். மூன்றுமே அழிப்பதற்கு முன் ஒரு பட்டியல் காட்டி ஆமாவா இல்லையா என்று கேட்கும். அந்தப் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' தட்டுவதுதான் நம் ஊரில் நான் பார்க்கும் பெரிய அபாயம். பைத்தானில் ஏதோ கோளாறு என்று "ஆப்ட் ரிமூவ் பைத்தான்3" என்று தட்டியவர்கள் உண்டு. பைத்தான்3-ஐ நம்பியிருக்கும் டெஸ்க்டாப்பும் கூடவே போகும். பட்டியலில் அதெல்லாம் வரிசையாக எழுதியிருக்கும்.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. கனடாவின் புகழ்பெற்ற தொழில்நுட்ப யூடியூபர் லினஸ் செபாஸ்டியன் (லினக்ஸை உருவாக்கிய லினஸ் வேறு) 2021 நவம்பரில் வெளியிட்ட காணொளியில் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டுச் செயலியைப் போட முயன்றார். பேக்கேஜில் ஒரு பிழை. ஸ்டீமைப் போட வேண்டுமென்றால் டெஸ்க்டாப்பையே எடுக்க வேண்டும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. ஆபத்தான வேலை செய்யப்போகிறீர்கள், தொடர வேண்டுமானால் "ஆமாம், நான் சொன்னபடி செய்" என்ற பொருள்படும் முழு வாக்கியத்தைத் தட்டுங்கள் என்று எச்சரித்தது. அவர் தட்டினார். திரை கறுத்தது, டெஸ்க்டாப் போயே போய்விட்டது. பிழை பேக்கேஜ் செய்தவர்கள் பக்கம்தான், பிறகு திருத்தினார்கள். ஆனால் அந்தத் திரையை நிதானமாக வாசித்திருந்தால் அன்றைக்கு அவர் கணினி பிழைத்திருக்கும்.

எடுத்த பிறகும் இடம் காலியாகவில்லையே என்கிறீர்களா? இறக்கிய கோப்புகளின் பிரதியைப் பிப் தன் கேஷில் வைத்திருக்கும். "பிப் கேஷ் பர்ஜ்" என்று தட்டுங்கள். என்பிஎம்மில், முடிந்துபோன பழைய புராஜெக்ட்களின் நோட்-மாட்யூல்ஸ் ஃபோல்டர்களை அழியுங்கள். பேக்கேஜ் பட்டியல் கோப்பு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

எந்த வெர்ஷன்?

நம் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தை உங்களுக்குத் தெரியும். ஏஎஸ்டி 16, ஏஎஸ்டி 18 என்று ஊர்ப்பெயரின் சுருக்கத்தோடு நெல் ரகங்களைத் தந்த இடம். விதை வாங்கப் போகும் விவசாயி "நெல் கொடுங்க" என்று கேட்பதில்லை. எண்ணைச் சொல்லித்தான் கேட்பார். எண் மாறினால் வயதும் மாறும், அரிசியும் மாறும். நீங்களோ பேக்கேஜின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, வந்ததை வாங்கிக்கொள்கிறீர்கள்.

2024 ஜூனில் நம்பை 2.0 வந்தது. பழைய 1 வரிசைக்காகத் தொகுக்கப்பட்ட பல லைப்ரரிகள் அதோடு ஒத்துப்போகாமல் எரர் அடித்தன. முந்தின நாள்வரை ஓடிய நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மறுநாள் வேறு எதையோ இன்ஸ்டால் செய்யும்போது நம்பையும் சேர்ந்து ஏறிவிட்டது, அவ்வளவுதான். பெரிய எண் மாறினால் பழையது உடையலாம் என்பது இத்துறையின் வழக்கம். 1இலிருந்து 2க்குப் போவதைப் பார்த்தால் நின்று யோசியுங்கள்.

தீர்வு ஒரு வரி. எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில், வென்வ்வுக்குள் நின்று "பிப் ஃப்ரீஸ்" தட்டி, வருவதை ரெக்கயர்மென்ட்ஸ் கோப்பில் சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு பேக்கேஜும் அதன் சரியான எண்ணும் அதில் இருக்கும். "பிப் இன்ஸ்டால் -ஆர்" என்று அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதே எண்கள் திரும்ப வரும். என்பிஎம்மில் பேக்கேஜ்-லாக் கோப்பு இந்த வேலையைச் செய்கிறது. அதை அழிக்காதீர்கள், "என்பிஎம் சிஐ" என்ற கட்டளை அதன்படியே இறக்கும்.

டேட்டா தீராமல் இருக்க

உங்கள் கவலை வெர்ஷனைவிட டேட்டா என்பது எனக்குத் தெரியும். நாளுக்கு 1.5 ஜிபி மொபைல் டேட்டா. லினக்ஸில் "பிப் இன்ஸ்டால் டார்ச்" என்று தட்டினால் என்விடியா கிராஃபிக்ஸ் அட்டைக்கான லைப்ரரிகளும் சேர்ந்து சில ஜிபி இறங்கும். உங்கள் கணினியில் அந்த அட்டையே கிடையாது. பைடார்ச் தளத்தில் சிபியுவுக்கு மட்டுமான பதிப்புக்குத் தனி முகவரி உண்டு. அதைக் கொடுத்து இறக்கினால் அளவு பல மடங்கு குறையும். இறக்குவதற்கு முன் அந்தத் தளத்தின் நிறுவல் பக்கத்தை ஒருமுறை படித்தால் ஒரு நாள் டேட்டா மிச்சம்.

இன்னொரு வழி, ஒருவர் இறக்கிப் பலர் பகிர்வது. நல்ல இணைப்பு உள்ள இடத்தில் "பிப் டவுன்லோட்" என்ற கட்டளைக்கு ரெக்கயர்மென்ட்ஸ் கோப்பையும் ஒரு ஃபோல்டரையும் கொடுங்கள். எல்லாப் பேக்கேஜும் இன்ஸ்டால் ஆகாமல் கோப்புகளாக அந்த ஃபோல்டரில் சேரும். பென்டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். சிக்னல் பிடிக்காத மலையடிவாரத்து வீட்டிலும் "--நோ-இன்டெக்ஸ்", "--ஃபைண்ட்-லிங்க்ஸ்" என்ற இரண்டு குறிப்புகளைச் சேர்த்துப் பிப்பை ஓட்டினால் இணையமே இல்லாமல் இன்ஸ்டால் ஆகும். இயங்குதளமும் பைத்தான் வெர்ஷனும் இரண்டு கணினியிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஒரு வகுப்புக்கு ஒரு பென்டிரைவ் போதும். இதை இந்த வருடமே தொடங்குங்கள்.

நம்பிக்கை என்பது யாரோ ஒருவரின் உழைப்பு

இவ்வளவும் படித்துவிட்டு எதையுமே இன்ஸ்டால் செய்யப் பயந்தால் இந்த மடல் எழுதியது வீண். பயம் வேண்டாம், கவனம் வேண்டும். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் ஒரு செய்தியை வெளியிட்டார். அவருடைய சோதனைக் கணினியில் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமானது. அந்த அரை விநாடியை அவர் விட்டுவிடாமல் துருவினார். எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் கள்ளக் கதவு வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. வைத்தவர், பராமரிப்பாளருக்கு உதவுவதாகச் சேர்ந்து, ஏறக்குறைய இரண்டு ஆண்டு நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர். அதுவரை அந்தக் கருவியைப் பெரும்பாலும் ஒரே மனிதர் தம் ஓய்வு நேரத்தில் கவனித்து வந்தார். உலகத்து சர்வர்கள் எத்தனையோ அதை நம்பியிருந்தும் அவருக்குத் தோள்கொடுக்க ஆளில்லை.

ஆகவே நீங்கள் தினமும் தட்டி இறக்கும் பேக்கேஜ்களுக்குப் பின்னால் பெரும்பாலும் சம்பளமில்லாமல் உழைக்கும் சிலர் இருக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். தமிழுக்கான லைப்ரரிகளில் இது இன்னும் உண்மை. ஓப்பன்-தமிழைப் பயன்படுத்தும்போது ஒரு பிழை கண்ணில் பட்டால், அதைத் தெளிவாக எழுதி அவர்களுக்குத் தெரிவியுங்கள். எந்தச் சொல்லைக் கொடுத்தீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்ற மூன்று வரி போதும். திருத்தும் வழியும் தெரிந்தால் அனுப்புங்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் வந்த பிறகு, மென்பொருள் வேலைக்குச் சென்னை போயே ஆக வேண்டும் என்ற நிலை நம் பக்கத்தில் கொஞ்சம் மாறியிருக்கிறது. இறக்கியதை ஓட்டுபவர், இறக்கியதைத் திருத்துபவர் என்ற இருவரில் எங்கே போனாலும் இரண்டாமவரைத்தான் தேடுவார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

இதை வாசிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். புராஜெக்டை வாங்கும்போது ரெக்கயர்மென்ட்ஸ் கோப்பு இல்லாமல் வாங்காதீர்கள். மாணவரின் கணினியில் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்து மதிப்பெண் போடாமல், ஆய்வகக் கணினியில் புது வென்வ் ஒன்றில் அந்தக் கோப்பை வைத்து எழுப்பி ஓட்டச் சொல்லுங்கள். ஆய்வகக் கணினிகளில் மாணவர்களுக்குச் சூடோ கொடுக்காதீர்கள். வென்வுக்கு அது தேவையே இல்லை.

தம்பி, தங்கைகளே, உங்களிடமும் அதே சோதனையைத்தான் கேட்கிறேன். ஒப்படைக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு, ரெக்கயர்மென்ட்ஸ் கோப்பையும் உங்கள் நிரலையும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, வென்வ் ஃபோல்டரை முழுதாக அழியுங்கள். கை நடுங்கினால், உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியவில்லை என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த வேலை. அழித்துவிட்டு, கோப்பிலிருந்து மறுபடி எழுப்புங்கள். ஓடினால் நிம்மதியாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஓடாவிட்டால் இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. எரரை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட்டு, அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் ஊர் அண்ணன்
அம்பாசமுத்திரம்